இருபது வயதில் ஆங்கிலம் தொடங்கிய மாலுமி

ஆங்கிலம் இனிமேல் தமக்கு வராது என்று சொல்லும் ஆறாம் படிவ மாணவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். வார இறுதிகளில், மூயெட் தேர்வுக்குத் தயாராகும் சிலருக்கு வாசிப்புப் பகுதியில் உதவி வருகிறேன். வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்களுக்குத்தான் அது கைவரும். தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளியில் மலாய் வழிக் கல்விக்கு மாறிய நமக்கு நேரம் கடந்துவிட்டது என்பது அவர்கள் வாதம். இதைச் சொல்பவர்களுக்கு வயது பதினெட்டு அல்லது பத்தொன்பது!

அவர்களிடம் நான் ஒருவருடைய கதையைச் சொல்வதுண்டு. பல்கலைக்கழகத்தில் விருப்பப் பாடமாக எடுத்த இலக்கிய வகுப்பில்தான் அவர் பெயர் எனக்கு அறிமுகமானது. ஆங்கில நாவல் வரலாற்றில் தவிர்க்க முடியாத பெயர் ஜோசப் கான்ராட். ஆனால் இருபது வயதில் இங்கிலாந்து மண்ணில் முதன்முறையாகக் கால் வைத்தபோது அவருக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் மிகச் சிலவே.

அப்பாவுக்கு வாசித்துக் காட்டிய சிறுவன்

கான்ராட் 1857 டிசம்பர் 3ஆம் நாள் பெர்டிச்சிவ் என்ற ஊரில் பிறந்தார். இன்று அது உக்ரேனில் இருக்கிறது. அன்று ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. குடும்பம் போலந்து இனத்தைச் சேர்ந்தது. பெற்றோர் வைத்த பெயர் யூசெஃப் தியோடோர் கொன்ராட் கொஷெனியோவ்ஸ்கி. நாடு இல்லாத இனமாகப் போலந்து மக்கள் வாழ்ந்த காலம் அது. தந்தை அப்பல்லோ கவிஞர். ரஷ்ய ஆட்சிக்கு எதிராக இயங்கியதால் கைது செய்யப்பட்டு, 1862இல் குடும்பத்தோடு வடக்கே வொலோக்டாவுக்கு நாடு கடத்தப்பட்டார். காசநோயால் தாய் 1865இல் இறந்தார். தந்தையும் 1869இல் இறந்தபோது கான்ராட்டுக்குப் பதினொரு வயது. அதன்பின் அவரைத் தாய்மாமன் ததேயுஷ் பொப்ரோவ்ஸ்கி பொறுப்பேற்று வளர்த்தார்.

அந்த இருண்ட ஆண்டுகளில் அவருக்குத் துணையாக இருந்தது வாசிப்பு. தந்தை பிழைப்புக்காக ஷேக்ஸ்பியர், விக்டர் ஹியூகோ போன்றோரின் படைப்புகளைப் போலிஷ் மொழியில் பெயர்த்துக்கொண்டிருந்தார். மேசைமேல் கிடந்த ஷேக்ஸ்பியர் மொழிபெயர்ப்புத் தாள்களை ஒரு நாள் சிறுவன் எடுத்துப் படித்தான். தந்தை பார்த்துவிட்டார். திட்டு விழும் என்று நினைத்தவனிடம், அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டச் சொன்னார். ஷேக்ஸ்பியரும் டிக்கன்ஸும் அவருக்கு முதலில் போலிஷ் மொழியில்தான் கிடைத்தார்கள். பிரெஞ்சும் சிறுவயதிலேயே கற்றார். ஆங்கிலம் மட்டும் அந்த வீட்டுப் பையனின் நாவுக்கு வரவில்லை.

இதை நான் மாணவர்களிடம் அழுத்திச் சொல்வேன். தாய்மொழியில் வாசித்துப் பழகியவர் இரண்டாவது மொழிக்கோ மூன்றாவது மொழிக்கோ போகும்போது வெறுங்கையோடு போவதில்லை. கதை எப்படி நகரும், ஒரு பத்தியின் மையக் கருத்து எங்கே ஒளிந்திருக்கும், எழுத்தாளர் கேலி செய்கிறாரா வருந்துகிறாரா என்று கண்டுபிடிக்கும் பழக்கம் அவரோடு கூடவே போகும். மூயெட் வாசிப்புப் பகுதி கேட்பதில் பாதி அதுதான்.

நிலக்கரிக் கப்பல் என்ற பள்ளிக்கூடம்

கடல் மோகம் பிடித்த கான்ராட் 1874இல், பதினாறு வயதில், பிரான்ஸின் மார்செய் துறைமுகத்துக்குப் போனார். நான்கு ஆண்டுகள் பிரெஞ்சுக் கப்பல்களோடு கழிந்தன. பிறகு ஆங்கிலேயக் கப்பல் ஒன்றில் ஏறி, 1878 ஜூன் 10ஆம் நாள் இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள லோஸ்டாஃப்ட்டில் இறங்கினார். அங்கு அவருக்கு உறவினரும் இல்லை, நண்பரும் இல்லை, மொழியும் இல்லை.

அந்தக் கோடையில் அவர் ‘ஸ்கிம்மர் ஆஃப் தி சீ’ என்ற சிறு கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். லோஸ்டாஃப்ட்டுக்கும் நியூகாசிலுக்கும் இடையே நிலக்கரி ஏற்றிச் சென்ற கப்பல் அது. அவருடைய ஆங்கில ஆசிரியர்கள் அந்தக் கப்பலின் கிழக்குக் கரை மாலுமிகள்தாம். அவர்கள் இலக்கண விதி எதையும் சொல்லித் தரவில்லை. இழுக்கச் சொன்ன கயிற்றை இழுக்க வேண்டும். தளர்த்தச் சொன்னதைத் தளர்த்த வேண்டும். ஒவ்வொரு கயிற்றுக்கும் தனிப்பெயர், ஒவ்வொரு பாய்க்கும் தனிப்பெயர். தவறாகப் புரிந்துகொண்டால் விளைவு உடனே தெரிந்துவிடும். இப்படி ஒவ்வொரு சொல்லும் ஒரு பொருளோடும் ஒரு செயலோடும் சேர்ந்தே அவர் மனத்தில் பதிந்தது.

அகராதியிலிருந்து ஐம்பது சொற்களை எடுத்து, எதிரே மலாய்ப் பொருளையோ தமிழ்ப் பொருளையோ எழுதி, இரவு முழுவதும் மனப்பாடம் செய்யும் முறைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! பட்டியலில் படித்த சொல் தேர்வுத் தாளில் வேறொரு வாக்கியத்துக்குள் வந்து நிற்கும்போது அடையாளம் தெரியாமல் போய்விடுகிறது. ஒரு வேலையோடும் ஒரு சூழலோடும் சேர்த்துக் கற்ற சொல் அப்படி எளிதில் நழுவுவதில்லை.

காதால் கேட்ட மொழியோடு அவர் நின்றுவிடவில்லை. ஐந்து ஷில்லிங் விலையில் ஷேக்ஸ்பியரின் படைப்புகள் முழுவதும் அடங்கிய ஒற்றைத் தொகுதி ஒன்று அவரிடம் இருந்தது. ‘பாலஸ்தீன்’ என்ற பழைய கப்பல் புயலில் அடிபட்டு ஃபால்மத் துறைமுகத்துக்குத் திரும்பி, பழுது பார்க்கக் கிடந்த நாள்களில், வேலைக்கு இடையே கிடைத்த ஓய்வுப் பொழுதுகளில் அதைப் படித்தார். தளத்துப் பலகைகளின் இடுக்கில் நார் அடைக்கும் சுத்தியல் சத்தம்தான் அவருக்குப் பின்னணி இசை. படிப்பதற்கு அமைதியான அறை வேண்டும், மேசை விளக்கு வேண்டும் என்று காத்திருப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கலாம்.

மூன்று தேர்வுகள், இரண்டு தோல்விகள்

பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் சாதாரண மாலுமி ஓர் அதிகாரியாக வேண்டுமானால் வர்த்தக வாரியத்தின் தேர்வில் தேற வேண்டும். ஒரு பகுதி எழுத்துத் தேர்வு; கப்பலின் இருப்பிடத்தைக் கணக்கிடுவது போன்றவை அதில் வரும். மற்றொரு பகுதி வாய்மொழித் தேர்வு. அனுபவம் மிக்க கப்பல் தலைவர் ஒருவர் எதிரே அமர்ந்து, காற்று இப்படி அடித்தால் என்ன செய்வாய், பாய்மரம் முறிந்தால் என்ன செய்வாய் என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே இருப்பார். பதிலும் ஆங்கிலத்தில், தயங்காமல் வர வேண்டும். நம்முடைய மூயெட் பேச்சுத் தேர்வை நினைத்து வியர்ப்பவர்கள் இதையும் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள்.

கான்ராட் செகண்ட் மேட் தேர்வை 1880 மே 28ஆம் நாள் லண்டனில் எழுதித் தேறினார். இங்கிலாந்துக்கு வந்து இரண்டு ஆண்டுகள்கூட முழுமையாக ஆகவில்லை. அன்றைய வாய்மொழித் தேர்வு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக நீண்டதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அடுத்தது ஃபர்ஸ்ட் மேட் தேர்வு. 1884 நவம்பரில் எழுதினார். கடற்பயணக் கணக்கில் தோற்றார். மீண்டும் படித்து, டிசம்பர் 3ஆம் நாள், தம் இருபத்தேழாவது பிறந்த நாளன்று தேறினார். கப்பல் தலைவராகத் தகுதி தரும் மாஸ்டர் தேர்வை 1886 ஜூலையில் எழுதினார். மீண்டும் கணக்கில் தோல்வி. அந்த ஆண்டு ஆகஸ்டில் பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்தது. நவம்பர் 10ஆம் நாள் மாஸ்டர் தேர்விலும் தேறினார்.

எனக்கு வியப்பாக இருந்தது இதற்கு அடுத்த செய்தி. தம் வாழ்க்கை நினைவுகளை ‘எ பெர்சனல் ரெகார்ட்’ என்ற நூலாக அவர் 1912இல் வெளியிட்டார். அதில் மூன்று தேர்வுகளையும் சுவையாக விவரிக்கிறார். ஒரு தேர்வாளர் கற்பனைக் கப்பல் ஒன்றை அவரிடம் ஒப்படைத்து, அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஆபத்துகளை ஏற்றிக்கொண்டே போன கதை படிக்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் இரண்டு முறை தோற்றதைப் பற்றி அந்த நூலில் ஒரு சொல்கூட இல்லை. அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஆய்வாளர்கள் பழைய பதிவேடுகளைப் புரட்டித்தான் அதைக் கண்டுபிடித்தார்கள்.

உலகப் புகழ் பெற்ற பிறகும், ஐம்பது வயதைக் கடந்த பிறகும், இளமையில் தோற்ற தேர்வை வெளியே சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. தேர்வு முடிவைப் பெற்றோரிடம் காட்டத் தயங்கும் மாணவரின் மனநிலை எனக்கு அதிலே தெரிகிறது. பேண்ட் 2 வாங்கியவர், அதை யாரிடமும் சொல்லாமல் அடுத்த தேர்வுக்குப் பதிவு செய்பவர், இப்படித்தான் தனியாக உட்கார்ந்திருப்பார். கான்ராட் மறைத்தது சரியா என்பது என் கேள்வி அல்ல. இரண்டு முறையும் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ மறுபடியும் அதே வாசலுக்குப் போய் நின்றார் என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

சிங்கப்பூரும் ‘துவான் ஜிம்’மும்

கான்ராட் நம் வட்டாரத்துக்கு அந்நியர் அல்லர். 1883இல் ‘பாலஸ்தீன்’ கப்பல் நிலக்கரி தீப்பிடித்து சுமத்ரா அருகே அழிந்தபோது, தப்பிய மாலுமிகளில் ஒருவராக அவர் சிங்கப்பூர் வந்தார். 1887இல் வேறொரு கப்பலில் முதுகில் அடிபட்டு, சிங்கப்பூர் மருத்துவமனையில் சேர்ந்தார். குணமானதும் ‘விடார்’ என்ற நீராவிக் கப்பலில் ஃபர்ஸ்ட் மேட்டாகச் சேர்ந்து, சிங்கப்பூருக்கும் போர்னியோ கரைக்கும் இடையே நான்கு முறை போய் வந்தார். அங்கே தஞ்சோங் ரெடெப்பில் சந்தித்த ஒல்மெய்யர் என்ற வணிகர்தான் அவருடைய முதல் நாவலின் நாயகனுக்கு வித்து. 1888 ஜனவரியில் ‘ஒட்டாகோ’ கப்பலின் தலைவராகும் வாய்ப்பும் சிங்கப்பூரில்தான் கிடைத்தது. பேங்காக் போய்ப் பொறுப்பேற்றார்.

1900இல் வெளிவந்த ‘லார்ட் ஜிம்’ நாவலுக்கும் நம் கரையோடு உறவு உண்டு. சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, பினாங்கிலும் ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு 1880இல் சென்ற ‘ஜெட்டா’ கப்பலைக் கைவிட்டு அதன் அதிகாரிகள் தப்பி ஓடினார்கள். அந்தச் சம்பவமே நாவலின் முதல் பாதிக்கு அடிப்படை. நாவலில் மக்கள் நாயகனைத் துவான் ஜிம் என்று அழைக்கிறார்கள். ‘துவான்’ என்ற மலாய்ச் சொல்லையே அவர் ‘லார்ட்’ ஆக்கித் தலைப்பில் வைத்தார். இங்கிலாந்தில் இருக்கும் வாசகருக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய அந்தத் தலைப்பு, நமக்கு உடனே புரிந்துவிடும்.

நங்கூரத்தை யாரும் எறிவதில்லை

1889இல் லண்டனில் அவர் முதல் நாவலைத் தொடங்கினார். கையெழுத்துத் தாள்கள் அவரோடு ஆப்பிரிக்காவின் கொங்கோ வரை போயின. ஆஸ்திரேலியக் கடல்வழியிலும் பயணம் செய்தன. 1892இல் ‘டாரென்ஸ்’ கப்பலில் வந்த ஓர் இளம் பயணியிடம் அதைப் படிக்கக் கொடுத்து, முடிக்கத் தகுதியான கதைதானா என்று கேட்டார். ஆம் என்ற பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது. ‘அல்மேயர்ஸ் ஃபோலி’ 1895இல் நூலாக வந்தது. அதற்கு முன் நண்பர் எட்வர்ட் சாண்டர்சனும் அவர் தாயாரும் ஆங்கிலத்தைச் சரிபார்க்க உதவினார்கள். பிறர் திருத்துவதைக் குறைவாக நினைக்காததும் ஒரு பயிற்சிதான்.

சொற்கள் விஷயத்தில் அவர் எவ்வளவு கறாரானவர் என்பதற்கு ஒரு சான்று. 1906இல் வெளியான ‘தி மிரர் ஆஃப் தி சீ’ நூலில், நங்கூரத்தைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதும் முறையைக் கண்டிக்கிறார். பத்திரிகைக்காரர்கள் ‘காஸ்ட்’ என்ற வினைச்சொல்லைப் போட்டு, நங்கூரம் தூக்கி எறியப்பட்டதுபோல் எழுதுகிறார்கள். கப்பலில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘லெட் கோ’ என்றுதான் சொல்வார்கள். ஏற்கெனவே கப்பலின் ஓரத்தில் தயாராகத் தொங்கும் நங்கூரத்தை விடுவிப்பது மட்டுமே மாலுமியின் வேலை. வேலையைப் பார்த்தவருக்குச் சரியான வினைச்சொல் தெரியும்.

தமிழிலும் நாம் நங்கூரம் பாய்ச்சுவது என்கிறோம். நங்கூரம் வீசுவது என்றால் காது ஏற்பதில்லை. எந்தப் பெயர்ச்சொல்லோடு எந்த வினைச்சொல் இணையும் என்பது ஒவ்வொரு மொழிக்கும் உரிய வழக்கம். மூயெட் எழுத்துப் பகுதியில் இலக்கணம் சரியாக இருந்தும் வாக்கியம் ஒட்டாமல் நிற்பது பெரும்பாலும் இந்த இணைப்பு தவறும்போதுதான். அதனால் என் குறிப்பேட்டில் தனிச்சொல் எழுதும் பழக்கம் கிடையாது. எந்தச் சொல்லோடு வந்ததோ அதையும் சேர்த்து, படித்த வாக்கியத்தையே எழுதிவைக்கிறேன்.

போகாத உச்சரிப்பு

இவ்வளவு ஆங்கிலம் எழுதியவரின் பேச்சு எப்படி இருந்தது? கடைசிவரை கனத்த போலிஷ் சாயல். கேட்டவர்கள் அதை நினைவு கூர்ந்திருக்கிறார்கள். பல சொற்களை அவர் காதால் கேட்பதற்கு முன்பே கண்ணால் படித்துவிட்டார் என்கிறார் நண்பரான எழுத்தாளர் ஹெச்.ஜி. வெல்ஸ். ‘தீஸ்’, ‘தோஸ்’ என்ற எளிய சொற்களின் கடைசி எழுத்தையும் சேர்த்தே கான்ராட் உச்சரிப்பாராம். 1923இல் நியூயார்க்கில் தம் நாவலை வாசித்துக் காட்டியபோதும் அந்த உச்சரிப்பு கூட்டத்தைச் சிரமப்படுத்தியது.

நம்மில் பலர் வகுப்பில் வாய் திறக்காததற்குக் காரணம் இலக்கணம் அல்ல. உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்ற கூச்சம். கான்ராட்டின் வாழ்க்கை இந்தக் கூச்சத்துக்கு நல்ல மருந்து. அதே சமயம், கண்ணால் மட்டும் படித்தால் என்ன ஆகும் என்ற எச்சரிக்கையும் அதில் இருக்கிறது. அவருக்கு இல்லாத வசதி நமக்கு உண்டு. ஒரு சொல்லின் ஒலியைக் கைப்பேசியில் ஒரு நொடியில் கேட்டுவிடலாம். ஒரு கட்டுரையை ஒலிப்பதிவாகக் கேட்டுக்கொண்டே வாசிப்பதை மாணவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதனால்தான்.

ஈடாகக் கொடுத்தது

கான்ராட்டுக்கு எல்லாம் எளிதாகக் கைகூடவில்லை. வாசகர் கூட்டமும் பணமும் 1914இல் ‘சான்ஸ்’ நாவலுக்குப் பிறகே வந்தன. அப்போது வயது ஐம்பத்தாறு. 1924இல் பிரிட்டிஷ் அரசு வழங்க முன்வந்த ‘சர்’ பட்டத்தை வேண்டாம் என்றார். அவர் படைப்புகள் மீது கடுமையான விமர்சனமும் உண்டு. ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ ஆப்பிரிக்க மக்களை மனிதராகவே காட்டவில்லை என்று நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1975இல் ஆற்றிய உரை இன்றும் பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கிறது.

வேறொரு குற்றச்சாட்டு அவர் உயிரோடு இருந்தபோதே, சொந்த மண்ணிலிருந்து வந்தது. திறமையைத் தாய்மொழிக்குத் தராமல் ஆங்கிலத்துக்குக் கொடுத்துவிட்டார் என்று போலந்து எழுத்தாளர் எலிசா ஓஷெஷ்கோவா 1899இல் கண்டித்தார். அது அவரை நெடுங்காலம் புண்படுத்தியது. அவர் தாய்மொழியை மறக்கவில்லை. போலிஷ் மொழியில் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தார்; 1914இல் மனைவி, மகன்களோடு கிராக்கோவ் நகருக்குப் போய்ச் சிறுவயதுத் தெருக்களைக் காட்டினார். ஆனால் மகன்கள் இருவரும் போலிஷ் பேசி வளரவில்லை. ஷேக்ஸ்பியரைப் போலிஷுக்குக் கொண்டுவந்த அப்பல்லோவின் பேரன்களுக்குத் தாத்தாவின் மொழி அந்நிய மொழி.

1924 ஆகஸ்ட் 3ஆம் நாள் கென்ட் வட்டாரத்தில் கான்ராட் காலமானார். கேன்டர்பரியில் அடக்கம் செய்தார்கள். ஒரு வினைச்சொல் பிழையாக வந்தாலும் பொறுக்காத அவருடைய கல்லறைக் கல்லில், அவருடைய சொந்தப் பெயரே எழுத்துப் பிழையோடு பொறிக்கப்பட்டிருக்கிறது. தியோடோர் என்பது அங்கே தியடோர் ஆகியிருக்கிறது.

மூயெட் தேர்வில் நல்ல பேண்ட் வாங்குங்கள். பல்கலைக்கழக வாசலில் அது அவசியம். ஆங்கிலச் செய்திக் கட்டுரை ஒன்றை நாள்தோறும் சத்தமாக வாசியுங்கள். புதிய சொல்லை அதன் துணைச்சொல்லோடு எழுதிவையுங்கள். தோற்றால் மறுபடியும் பதிவு செய்யுங்கள். இவை அனைத்தையும் கான்ராட்டிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். அவரிடமிருந்து எடுக்கக்கூடாதது ஒன்று உண்டு. இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும், இதைத் தமிழில் வாசிக்கத் தடுமாறும் உங்கள் தம்பியையோ தங்கையையோ அருகில் உட்காரவைத்து, ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். நான் என் தம்பியிடம் அதைத்தான் செய்து வருகிறேன்.